போர்க்கப்பலில் வந்து சரக்குக் கப்பலில் போனவர்: நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

லிஸ்பன்வாசி:

லிஸ்பனில் பெலெம் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் புகழ்பெற்ற பாஸ்டெல் (முட்டைக் கஸ்டர்ட் இனிப்பு) கடை வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன். வரிசை நகரவில்லை, வெயில் வேறு. சரி என்று கொஞ்ச தூரத்தில் இருந்த போர்ச்சுகல் குடியரசுத் தலைவர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டேன். அசல் காரணம் அங்கே ஏசி இருக்கும் என்பதுதான்.

உள்ளே தலைவர்களின் ஓவியங்கள். சர்வாதிகாரம் போன பிறகு தலைவரான மாரியோ சுவாரெஸ் படத்தின் முன்னால்தான் கூட்டம். நான் ஒரு தாடிக்காரரிடம் நின்றுவிட்டேன். மனுவேல் டெய்ஷெய்ரா கோமஸ், 1923-1925. நான்கு வருடப் பதவியில் இரண்டு வருடக் கணக்குதான் இருந்தது. செத்துப்போனாரா என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்டேன். “இல்லை, அவர் எழுத்தாளர்” என்றார் அந்த அம்மா, அதுவே பதில் என்பதுபோல.

அன்றிரவே தேட ஆரம்பித்தேன். 1860இல் தெற்கே போர்ட்டிமாவில் பிறந்தவர். அப்பா உலர்பழ வியாபாரி, வசதியான ஆள். மருத்துவம் படிக்கப் பையனைக் கொயிம்ப்ராவுக்கு அனுப்பினார். பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் எழுத்தாளர்களோடு சுற்றினான். நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த அப்பா பணம் அனுப்புவதை நிறுத்தவே இல்லை! பிறகு மகன் அப்பாவின் அத்திப்பழத்தையும் பாதாமையும் ஐரோப்பா முழுக்க விற்றார். போன ஊர்களில் ஓவியம், சிற்பம் எல்லாம் பார்த்தார். முதல் புத்தகம் 1899இல் வந்தபோது அவருக்கு 39 வயது.

1910இல் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. மறுவருடம் இவரை லண்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். விரட்டப்பட்ட மன்னர் இரண்டாம் மனுவேலும் இங்கிலாந்தில்தான் அடைக்கலம். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு மன்னர் உறவு, இவரோ விரட்டியவர்களின் ஆள். அந்தச் சங்கடத்தை இவர் சமாளித்தவிதம் பிடித்துப்போய்த்தானோ என்னவோ, 1923 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, லிஸ்பனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ‘காரிஸ்ஃபோர்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்.

1925 டிசம்பர் 11 அன்று பதவி விலகினார். 17ஆம் தேதி ‘ஸீயஸ்’ என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஏறிப் போனவர், உயிரோடு போர்ச்சுகல் திரும்பவில்லை.

இவரை வேறு எங்காவது எதிர்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

கடலோடி:

இருக்கிறேன். ஆனால் நான் இவரைத் தேடிப் போகவில்லை.

டேங்கர் கப்பலில் வேலை. சகாராவிலிருந்து குழாயில் வரும் கச்சா எண்ணெயை ஏற்ற அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்துக்குப் போயிருந்தோம். கரைக்குப் போக நாலு மணி நேர பாஸ் கிடைத்தது. மேடேறினால் ஒரு சதுக்கம். விளிம்பில் நின்று பார்த்தால் வளைகுடா முழுவதும் கீழே விரிந்து கிடக்கிறது, எங்கள் கப்பல் தீப்பெட்டி மாதிரி. பின்னால் குராயா மலை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் இந்த ஊருக்கு பூழி என்று பெயர். பிரெஞ்சில் மெழுகுவத்திக்கும் அதே சொல்தான், இங்கிருந்து மெழுகு ஏற்றுமதியானதால் ஊர்ப் பெயரே மெழுகுவத்திக்கு வந்துவிட்டது.

காபி குடிக்கும்போது பக்கத்து மேசைப் பெரியவர் எதிரே இருந்த ஹோட்டலைக் காட்டி, “போர்ச்சுகல் ஜனாதிபதி ஒருத்தர் அங்கேதான் வாடகைக்கு இருந்தார்” என்றார். கடலுக்குப் போகிறவனிடம் எல்லா ஊரிலும் கதை விடுவார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கப்பலுக்குத் திரும்பித் தேடினால், உண்மை! எத்துவால் ஹோட்டல், 13ஆம் எண் அறை. 1931இல் வந்தவர் 1941 அக்டோபரில் சாகிறவரை பத்து வருடம் அந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். பெரியவரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.

அடுப்படி:

நான் போர்ட்டிமாவில் ஒரு உணவகச் சமையலறையில் மூன்று வருடம் இருந்தேன். ஆற்றங்கரையில் அவர் பெயரில் சதுக்கமே இருக்கிறது. வேலை முடிந்து அங்கேதான் காற்று வாங்குவோம். கை முழுக்க மத்தி மீன் வாடை.

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், எனக்கு இவர்மேல் கோபம்தான். இவர் கப்பலேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1926 மே 28இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு வந்த சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் வரை போகவில்லை. படகில் ஓட்டை விழுந்தால் துடுப்புக்காரன் முதலில் குதிக்கலாமா? வீட்டிலும் அப்படித்தான். மீனவர் மகள் பெல்மிராவோடு இரண்டு பெண் குழந்தைகள், ஆனால் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

என்னோடு வேலை பார்த்த உள்ளூர்க்காரரிடம் இதைச் சொன்னேன். “அவராவது குதித்தார். பின்னால் வந்தவர்களை நாற்காலியிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது” என்றார். நல்ல பதில்தான், ஆனாலும் என் கோபம் போகவில்லை.

லிஸ்பன்வாசி:

அடுப்படி, வீட்டு விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். படகு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும்.

1925 ஏப்ரல் 18இல் ராணுவ அதிகாரிகள் கலகம் செய்து தோற்றார்கள். விசாரணையில் குற்றம் சாட்ட வேண்டிய இடத்தில் இருந்தவர் தளபதி கார்மோனா. அவரே அவர்களுக்காகப் பேசினார், எல்லோரும் விடுதலை. அந்த விடுதலை நடந்து மூன்று மாதத்துக்குள்தான் கோமஸ் விலகினார். துடுப்பு ஏற்கெனவே கையில் இல்லை என்பது என் கட்சி. அந்தக் கார்மோனா 1926இல் நாட்டின் தலைவரானார், 1951இல் சாகும்வரை விலகவில்லை. 1950இல் கோமஸின் எலும்புகள் போர்ட்டிமாவுக்குத் திரும்பியபோதும் தலைவருக்கான பெலெம் மாளிகைக்கு உரியவர் கார்மோனாதான்.

இன்னொன்று. 1909க்குப் பிறகு கோமஸ் இலக்கியப் புத்தகமே போடவில்லை. தூதர் வேலையும் தலைவர் பதவியும் தின்றுவிட்டன. 1930களில், எழுபது தாண்டிய பிறகு, வரிசையாக வந்தன. அதில் ஒன்று ஓவியர் கொலும்பானோவுக்கு எழுதிய கடிதங்கள். நான் அருங்காட்சியகத்தில் பார்த்த தாடிக்காரரை வரைந்தவர் அதே கொலும்பானோதான்.

கடலோடி, அந்த 13ஆம் எண் அறையில் என்ன இருக்கிறது? யாராவது பார்த்தார்களா?

கடலோடி:

நான்தான் உள்ளே போகவே இல்லையே. ஒரு மேசை, கடலைப் பார்த்த ஜன்னல், துணி வைக்க அலமாரி, கதவுக்கு ஒரு சாவி இருந்திருக்கும். நாலு சொல்லும் அவர் மொழியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தவைதான். வேறென்ன இருந்தது என்று அடுத்த தடவை ஆறு மணி நேர பாஸ் கிடைத்தால் மாடியேறிப் பார்த்துச் சொல்கிறேன். முதலில் அந்தப் பெரியவரைத் தேட வேண்டும்.