அரெங்கா குளத்தடியில் ஒரு விடியல்

ஹோர்ட்டன் சமவெளிக்கு நாலு தரம் போயிருக்கிறன். முதல் மூண்டு தரமும், எல்லாரையும் போல, முகில் மூட முதல் 'உலக முடிவு' எண்ட செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்திட வேணும் எண்டு ஓடினதுதான். நாலாம் தரம் ஒரு குருவிக்காகப் போனன். சீட்டியடிக்கிற குருவி, உலகத்தில இலங்கை மலைநாட்டில மட்டும்தான் இருக்கு. அரெங்கா எண்டு அதுக்கு இன்னொரு பேர். பட்டிப்பொலைப் பக்க றோட்டில அதே பேரில ஒரு சின்னக் குளம் இருக்கு. வான்கள் நிக்காமல் தாண்டிப் போயிடும்.

எங்கட வான்கார அண்ணை எஞ்சினையும் லைற்றையும் நிப்பாட்டினார். இன்னும் இருட்டு. விரல் விறைக்கிற குளிர். ஊசி மாதிரி ஒரு சீட்டிச் சத்தம், பிறகு ஒண்டுமில்லை. கனநேரத்துக்குப் பிறகு மூங்கில் பத்தைக்குக் கீழ, பாசி பிடிச்ச கல்லில, கறுப்பா ஒண்டு வந்து குந்திச்சுது. வாலை ஒருக்கா விரிச்சு மூடிச்சுது. அது திரும்பேக்கதான் தோளில அந்த நீலம் தெரிஞ்சுது. பத்து செக்கன் இருக்கும். வெளிச்சம் வர உள்ளுக்குப் போட்டுது.

ஓடைத் தண்ணியும் நிழல் மூடின காடும் சேர்ந்த இடத்திலதான் அது சீவிக்கும். கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டினது போக மிஞ்சின காடுதான் அதுக்கு வீடு. எனக்கு அண்டைக்கு அழுகை வந்திட்டுது.

* * *

அக்கா, நான் நுவரெலியாக்காரன். உங்க குருவிய இன்னும் பாத்ததில்ல. எனக்கு மரைங்கிற பெரிய மான்தான். வாகனம் நிறுத்துற இடத்துல பெரிய கொம்போட ஒண்ணு, ஒரு பொலித்தீன் பைய மென்னுகிட்டு நின்னுச்சு. பூங்கா வாசல்ல பையத் திறந்து பொலித்தீன எடுக்கிறப்ப சலிச்சுக்கிறவங்க அதப் பாத்திருக்கணும். பிஸ்கட் நீட்டுறதையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

இன்னொண்ணு. 1960கள்ல இந்தப் புல்வெளியிலேயே உருளைக்கிழங்கு போட்டாங்க. 1988ல தேசிய பூங்காவாச்சு. ஆனா வெள்ளைக்காரன் கொண்டுவந்த மஞ்சப்பூ முள்செடி இன்னும் போகல. ஒரு தடவ பிடுங்கப் போனேன், கையுறையத் தாண்டி முள்ளு குத்திச்சு. செடியப் பிடுங்கினாலும் விதை மண்ணுக்குள்ள வருசக்கணக்குல கிடக்குமாம். புல்லு இருந்த இடத்த அது பிடிச்சிட்டா மரை எங்க மேயும்?

* * *

தம்பி, அடுத்த முறை போகேக்க குளத்தடியில இறங்கிப் பாருங்கோ. கதவை அடிச்சுச் சாத்த வேண்டாம். ஃபோனில குருவின்ர குரலைப் போட்டுக் கூப்பிடுறவையும் வருவினம், அது மட்டும் வேண்டாம். தன்ர இடத்துக்கு வேற குருவி வந்திட்டுது எண்டு நினைச்சு, இரை தேடுறதை விட்டிட்டு வெளியில வந்து அலையும். விடியிற நேரமும் பொழுதுபடுற நேரமும்தான் அது கூடுதலாத் திறந்த இடத்தில இரை பொறுக்கிறது. அந்தப் பாசிக் கல்லையே பார்த்துக்கொண்டு நில்லுங்கோ.