நீண்ட பயணத்துக்கு முன் கார் பெயின்டைத் தற்காலிகமாகக் காப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். போக வர 3,000 கிலோமீட்டருக்கு மேல் வரும், பெரும்பகுதி நெடுஞ்சாலை. போன பயணத்தில் முன்னால் போன லாரியின் டயரிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு, பானெட் விளிம்பில் கடுகளவு பெயின்ட் பெயர்ந்தது. சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் சுற்றிலும் துரு வட்டம் கட்டிவிட்டது. இன்றும் கழுவும்போது விரல் அங்கேயே போய் நிற்கிறது.

நிரந்தரமாக பிபிஎஃப் (பெயின்டைக் காக்க மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) ஒட்ட இப்போது வசதியில்லை. பானெட்டின் முன்பகுதி, பம்பர், பக்கக் கண்ணாடிகளின் முதுகுப்புறம், இவை மட்டும் 10 நாள் தாங்கினால் போதும்.

மாஸ்கிங் டேப் ஒட்டலாமா? நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் பசை இறுகி, உரித்த பிறகும் பிசுபிசுப்பு தங்கிவிடுமே என்று பயமாக இருக்கிறது. பம்பர் வேறு ஒருமுறை மறுபடி பெயின்ட் அடித்தது. டேப்போடு அதுவும் உரிந்து வந்துவிடுமோ?

தெளித்துக் காயவிட்டு, அப்புறம் தோல்போல உரித்தெடுக்கும் பூச்சை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மெல்லிசாக அடித்தால் துண்டு துண்டாகத்தான் உரியுமாம். எத்தனை கோட் அடித்தீர்கள்? மழையில் ஓரம் தூக்கியதா?

வாக்ஸ் போட்டால் பூச்சிக் கறை சுலபமாகப் போகும், சரி. ஆனால் கல்லைத் தடுக்காது. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.