கொட்டகையில 10 மீட்டர் ஏர் பிஸ்டல்: 61 வயசுல ஆரம்பிக்க என்னென்ன வேணும்?

கொழிஞ்சாம்பாறை61

வணக்கங்க. ஓய்வுக்கு அப்புறம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் முறையாப் பழகலாம்னு இருக்கேன். போட்டி பின்னால பாத்துக்கலாம், இப்போதைக்கு வாரத்துல மூணு நாள்.

இடம்: கொப்பரை போட்டு வெச்சிருந்த கொட்டகை காலியா கிடக்கு. உள்ளளவு நீளம் 13 மீட்டர், அகலம் 3 மீட்டர். ஹாலோபிளாக் சுவர், ஓட்டுக் கூரை. கிழக்கே வாசல், தெற்குச் சுவர்ல ஒரு பக்கக் கதவு.

உடம்பு: வலது கண்ணுல புரை எடுத்து எட்டு மாசம், தூரத்துக்கான லென்ஸ் வெச்சிருக்கு. வலது முழங்கால் தேய்மானம், அரை மணிக்கு மேல நிக்க முடியாது. பிரஷருக்கு மெட்டோபுரோலால், டெல்மிசார்டன்.

பிஸ்டலா ரைபிளா? எந்த வகை? குண்டு தடுக்கற பெட்டி எப்படி அமைக்கறது? லைசென்ஸ் வேணுமா? குழாய் முனையில இருக்கற குறிமுள், அதான் முன் சைட், மங்கலாத் தெரியுமே, அதுக்கு என்ன வழி?

பத்துமீட்டர்

சார், 13 மீட்டர் தாராளம். டார்கெட் தாளின் முகத்துல இருந்து நிக்கற கோடு வரைக்கும் சரியா 10 மீட்டர், டேப் பிடிச்சு அளந்து தரையில பெயிண்ட் அடிச்சுடுங்க. மேற்குச் சுவர்ல இருந்து அரை மீட்டர் தள்ளித் தாள் வந்தா, கோட்டுக்குப் பின்னால இரண்டரை மீட்டர் மிச்சம். மேசை, நாற்காலி, துப்பாக்கிப் பெட்டி எல்லாம் அங்கே. வாசல் உங்க முதுகுப் பக்கம் வர்ற மாதிரி நில்லுங்க. அந்தத் தெற்குக் கதவுதான் ஆபத்து, குண்டு போற பாதையில திறக்குது. தாழ்ப்பாள் போதாது. உள்பக்கம் குறுக்குக் கட்டை போட்டு நிரந்தரமா அடைச்சுடுங்க. பேரப்பிள்ளைங்க எந்த நேரம் தள்ளித் திறப்பாங்கன்னு சொல்ல முடியாது.

தாளின் நடுப்புள்ளி தரையில இருந்து 1.40 மீட்டர். போட்டி உயரம் அதுதான், 5 செ.மீ. மேல கீழ இருக்கலாம். பிஸ்டல் தாள்ல கறுப்பு வட்டம் 59.5 மி.மீ., பத்து 11.5 மி.மீ. ரைபிள் தாளைத் தவறி வாங்கிடாதீங்க, அதுல பத்துங்கறது வெறும் அரை மி.மீ. புள்ளி.

குண்டுப் பெட்டி: வாய் 30 செ.மீ. சதுரம், ஆழம் 35 செ.மீ., உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு 45 பாகை சாய்வுல. தகட்டின் மேல்விளிம்பு உங்க பக்கம், கீழ்விளிம்பு பின்னால. அப்பத்தான் குண்டு பட்டுக் கீழ் நோக்கித் தெறிச்சு மணல்ல விழும். வெல்டர்கிட்ட இதைப் படம் போட்டுக் குடுங்க. தலைகீழா வெச்சுட்டா குண்டு மேல தெறிச்சு கூரை ஓடுகளை உடைக்கும். நேர்குத்தா வெச்சா உங்க முகத்துக்கே திரும்பி வரும். அடியில ரெண்டு விரல் உயரம் மணல். பெட்டிக்குப் பின்னாடி சுவர்ல 20 மி.மீ. பிளைவுட், அதுமேல பழைய கயிற்றுப் பாய் ரெண்டு மடிப்பு. தவறிப் போற குண்டை வெறுஞ்சுவர் வாங்காது, எங்கேயோ திருப்பி அனுப்பும்.

தாள்மேல 1,500 லக்ஸ் வெளிச்சம் வேணும். ஓட்டுக் கொட்டகையில பகல் வெளிச்சம் பத்தவே பத்தாது. தாளுக்கு ஒரு மீட்டர் முன்னால, உங்க கண்ணுக்கு மறைவா எல்இடி விளக்கு ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. கண்ணாடிக் கூரை ஓடு இருந்தா அதை மறைங்க. மேகம் போகப் போக வெளிச்சம் மாறி, குறி ஏறி இறங்கும்.

இனி துப்பாக்கி. முழங்காலைப் பாத்தா உட்கார்ந்து ரைபிள் சுடறது சுலபம்னு தோணும். நான் பிஸ்டலைத்தான் சொல்வேன். மேட்ச் ரைபிள் ஐந்தரை கிலோ வரைக்கும் போகும், இறுக்கமான ஜாக்கெட்டும் வேணும், அதைப் போட்டு நம்ம ஊர் வெயில்ல நிக்கறது கொடுமை. பிஸ்டல் ஒரு கிலோவுக்குள்ள. அஞ்சு குண்டு நின்னு சுட்டு, மேசையில வெச்சு, உட்கார்ந்து, திரும்ப எழுந்தா முழங்கால் தாங்கும்.

வகையில மூணு உண்டு. ஸ்பிரிங் வகை விலை குறைச்சல், ஆனா பிஸ்டன் ஓடும்போது முன்னும் பின்னும் உதைக்கும், கைப்பழக்கம் கெடும். ஒரே அமுக்குல காற்று ஏத்தற வகைக்கு உதை இல்லை, சிலிண்டர் தொல்லையும் இல்லை. ஆனா ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலை மடக்கணும், நாற்பதாவது குண்டுல தோள் கெஞ்சும். மூணாவது, 200 பார் அழுத்தச் சிலிண்டர் வெச்ச பிசிபி. மெதுவான, உதையில்லாத துப்பாக்கி, பழகறதுக்கு இதுதான். ஒரு தடவை நிரப்பினா நூறு நூற்றைம்பது குண்டு வரும்.

நிரப்பறதுல கவனம். கைப்பம்பு கடைசி 50 பாருக்கு உடம்பு முழுக்க அழுத்தி எழணும், பிரஷர்காரருக்கு ஆகாது. ஸ்கூபா டாங்கில இருந்து உலர் காற்றை மெதுவா ஏத்துங்க, வேகமா ஏத்தினா சிலிண்டர் சூடாகி, ஆறினதும் அழுத்தம் இறங்கிடும். வெல்டிங் பட்டறை ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்று பத்துப் பாரைத் தாண்டாது, அதனால உபயோகமில்லை. மேட்ச் சிலிண்டருக்கு ஆயுசு பத்து வருஷம், தயாரிச்ச தேதி அதுமேலேயே அடிச்சிருக்கும். பழைய பிஸ்டல் வாங்கினா முதல்ல அந்தத் தேதியைப் பாருங்க.

குண்டு: தலை தட்டையா இருக்கற 4.5 மி.மீ. பெல்லட், அரை கிராம் எடை. தட்டைத் தலை தாள்ல வட்டமா, அச்சடிச்ச மாதிரி ஓட்டை போடும். கூர்முனை வாங்கினா ஓட்டை கிழிஞ்சு மதிப்பெண் எண்ண முடியாது. எஃகு உருண்டை கூடவே கூடாது, தகட்டுல பட்டா அப்படியே திரும்பும்.

ஈயம் பத்தி ஒண்ணு. சுட்டு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம டீ டம்ளரைத் தொடாதீங்க. கொட்டகையைத் துடைப்பத்தால பெருக்கினா ஈயத்தூசி பறக்கும், ஈரத்துணியால துடைங்க.

வேலந்தாவளம்

லைசென்ஸ் கேள்விக்கு: 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ.க்குள்ள, 20 ஜூலுக்குள்ள இருக்கற ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் பிஸ்டல் ஆறு ஜூல் அளவுதான் வரும். கடையில அடையாள அட்டை, முகவரிச் சான்று கேப்பாங்க, குடுத்துட்டுப் பில்லைப் பத்திரமா வைங்க. கோயம்புத்தூர் ரைபிள் கிளப் மாதிரி இடத்துக்கு எல்லை தாண்டிக் கொண்டு போறப்ப பில் நகல் பெட்டியிலேயே இருக்கட்டும். துப்பாக்கி பூட்டின பெட்டிக்குள்ள, குழாய்க்குள்ள ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடி, குண்டு தனி டப்பாவுல. பஸ்ஸுல உறையில இருந்து எடுத்துக் காட்டற வேலையே வேண்டாம்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் இதைச் சொல்லியே ஆகணும். ஏர் கன் வீட்டுக்கு வந்துச்சுன்னா, நெல்லு திங்கற மயிலை விரட்டித் தாங்கன்னு யாராவது வந்து நிப்பாங்க. மயில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. காயம் பட்டாலும் வழக்கு, ஜெயில். காட்டுப்பன்னிக்கும் இது ஆகாது, வலிச்சு ஓடுமே தவிரச் சாகாது. அந்தத் துப்பாக்கி கொட்டகையை விட்டு வெளியே வரவே கூடாதுங்க.

சித்தூர் கண்ணாடிக்கடை

கொழிஞ்சாம்பாறை அண்ணா, உங்கள் கண்ணுக்குத் தீர்வு எளிது. தூரத்துக்கான லென்ஸ் வைத்த கண்ணுக்குத் தாள் தெளிவாகத் தெரியும், முன் சைட் மங்கும். பிஸ்டலுக்கு இது நேர் எதிராக இருக்க வேண்டும். முன் சைட் கத்தி வெட்டினாற்போல் தெரியட்டும், கறுப்பு வட்டம் மங்கட்டும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 32 செ.மீ. என்று வையுங்கள். முன் சைட் ஒரு மி.மீ. விலகினால் 10 மீட்டரில் குண்டு 31 மி.மீ. விலகும், தாளில் ஏழு. சைட் இரண்டும் நேராக இருந்து கை மட்டும் 8 மி.மீ. ஆடினால் குண்டின் விளிம்பு பத்தின் கோட்டைத் தொடும், தொட்டாலே பத்து. கை நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்ல வேண்டும்: மதிப்பெண்ணைத் தின்பது நடுக்கத்தை விட மங்கலான முன் சைட்.

நீட்டிய கையில் முன் சைட் கண்ணிலிருந்து 90 முதல் 100 செ.மீ. தூரத்தில் இருக்கும். உங்கள் தூரப் பவருடன் +0.75 அல்லது +1.00 சேர்த்தால் பார்வை அங்கே வந்து நிற்கும். கடைக்குத் துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள். வீட்டில் கையை நீட்டிப் பிடித்துக் கண்ணிலிருந்து முன் சைட் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டி, முனையில் 4 மி.மீ. அகலத்தில் கறுப்பு அட்டைத் துண்டை ஒட்டிக்கொண்டு போங்கள். சோதனைச் சட்டத்தில் கால் கால் பவராக மாற்றச் சொல்லி, அட்டையின் விளிம்பு கூர்மையாகத் தெரியும் மிகக் குறைந்த பவரில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வட்டமே காணாமல் போகும்.

புரோகிரசிவ் கண்ணாடி கூடாது, தலையைச் சற்று சாய்த்தாலே பவர் மாறிவிடும். ஒரே பவர் லென்ஸ் போதும். இடது கண்ணை இறுக்கி மூடாதீர்கள், வலது கண்ணும் சேர்ந்து களைத்துவிடும். இடது லென்ஸ் மேல் 30 மி.மீ. அகலத்துக்குள் மங்கலான டேப் ஒட்டினால் போதும்.

மருந்துப்பட்டியல்

போட்டி பின்னால பாத்துக்கலாம்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு முன்னாடியே இதைத் தெரிஞ்சுக்குங்க. மெட்டோபுரோலால், அட்டெனோலால், பிசோபுரோலால் வகை பீட்டா பிளாக்கர் மாத்திரை துப்பாக்கிச் சுடுதல்ல தடை. இதயத் துடிப்பைக் குறைச்சு நடுக்கத்தை அடக்குதுங்கறதுதான் காரணம். போட்டி நாள் மட்டுமில்லை, மத்த நாள்லயும் தடை. கண் அழுத்தத்துக்கு விடற டிமோலால் சொட்டு மருந்தும் அதே வகைதான், நிறையப் பேருக்கு இது தெரியறதில்லை. டெல்மிசார்டன் தனியா இருந்தா பிரச்சினையில்லை. பேருக்குப் பின்னால ஹெச் போட்டு வர்ற மாத்திரையில ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும், அது தடைப்பட்டியல்ல இருக்கு.

வீட்டுக் கொட்டகையில சுடறதுக்கு இது எதுவும் தடையில்லை. யாரும் சொன்னாங்கன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க, பீட்டா பிளாக்கரைத் திடீர்னு விட்டா இதயத்துக்கே ஆபத்து. போட்டிக்குப் பேர் குடுக்க மனசு வந்தா, மாத்து மருந்து உண்டான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. இல்லேன்னா மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடணும்.

மூச்சை அடக்கி முக்காதீங்க, பிரஷர் ஏறும். பாதி மூச்சு விட்டு நிறுத்தி, எட்டு விநாடிக்குள்ள குண்டு போகலேன்னா கையை இறக்கிடுங்க. வயசு தடையான்னு நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஸ்வீடனோட ஆஸ்கர் ஸ்வான் 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ல துப்பாக்கிச் சுடுதல்ல வெள்ளி வாங்கினப்ப அவருக்கு 72.

கொழிஞ்சாம்பாறை61

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வார நிலவரம்: பிசிபி பிஸ்டல், கண்ணாடி +0.75, பெட்டி சொன்ன அளவுப்படியே. வலது கை. அஞ்சுக்கு மூணு குண்டு ஏழு மணித் திசையில, கீழ் இடது பக்கம், ஏழுலயும் ஆறுலயும் விழுது. சாயங்காலம் காற்று அடிச்சா மோசம். பின் சைட்டைத் திருகிச் சரி பண்ணிடலாமா?

பத்துமீட்டர்

திருகாதீங்க சார். மீதி ரெண்டு குண்டு நடுவுல விழுதுன்னா சைட் சரியா இருக்கு. அந்த மூணும் விசையை வெடுக்குனு இழுத்தது. வட்டம் சைட்டுக்கு மேல வந்து நிக்கற நொடியில "இப்போ"ன்னு மனசு சொல்லும், ஆள்காட்டி விரலோட மத்த மூணு விரலும் சேர்ந்து இறுகும், குழாய் கீழ இடது பக்கம் குத்தும். பார்வை தாளுக்கு ஓடிட்டா குண்டு நாலாபக்கமும் சிதறும். உங்களது ஒரே திசையில விழறதால குறை கையில இருக்கு.

முதல்ல விசை எடையைப் பாருங்க. போட்டி விதிப்படி 500 கிராமுக்குக் குறையக் கூடாது, ஆனா 700, 800ன்னு இருந்தா வெடுக்குனுதான் இழுக்க வரும். சமையலறைத் தராசுல பாட்டிலோட சேர்த்து 500 கிராம் வர்ற அளவுக்குத் தண்ணி ஊத்தி, கயிறு கட்டிக்குங்க. குண்டு இல்லாம, விசை ஏத்தி, குழாய் மேல பாக்க, பாட்டிலைக் கீழ வெச்சு, விசையில மாட்டி மெதுவாத் தூக்குங்க. விசை விழாம பாட்டில் தரையை விட்டு எழும்பணும். அதுக்கு மேல பத்து இருபது மில்லி தண்ணி சேர்த்தா விழற மாதிரி திருகுல சரி பண்ணிக்குங்க.

பிடியோட கீழ்த் தாங்கு உள்ளங்கையோட பக்கத்தை லேசாத் தொட்டா போதும். இறுக்கி வெச்சிருந்தா சுண்டு விரல் அமுக்கி அமுக்கிக் குழாயை இறக்கும்.

அப்புறம் தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் காட்டி மாட்டுங்க. வட்டமே இல்லாத வெள்ளைத் தாள்ல, முன் சைட்டோட மேல்விளிம்பையும் ரெண்டு பக்க இடைவெளியையும் மட்டும் பாத்து, விசையை நிதானமா அழுத்துங்க. "இப்போ"ன்னு சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஒரு வாரத்துக்குப் பாதிக் குண்டு வெள்ளைத் தாளுக்கு. அதோட தினமும் பத்து நிமிஷம் குண்டில்லாம வெறும் விசைப் பழக்கம். பிசிபி பிஸ்டல்ல அதுக்குன்னு தனி நிலை இருக்கும், காற்றும் செலவாகாது. ஸ்பிரிங் துப்பாக்கியில மட்டும் இதைச் செய்யக் கூடாது, குண்டு இல்லாம பிஸ்டன் ஓடினா சீல் அடிபடும்.

சாயங்காலக் காற்று பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ஆனி ஆடியில நிக்காது. மெதுவாப் போற குண்டு அது, குறுக்கே அடிச்சா ஒரு வளையம் தள்ளும். கொட்டகைக்குள்ள எப்படி வருதுன்னா, வாசலுக்கும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற சந்துக்கும் இடையில ஓடுது. சந்துல சாக்கு அடைச்சு, சுடற நேரம் வாசலைச் சாத்திட்டு, பாதையில நூல் ஒண்ணு தொங்கவிட்டுப் பாருங்க. நூல் அசையலேன்னா சுடலாம். இல்லேன்னா காலையில ஏழு மணிக்கு வெச்சுக்குங்க, அப்ப காற்று படுத்திருக்கும்.

வெள்ளைத் தாள் அஞ்சு, தேதி போட்டு எடுத்து வெச்சு, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வெளிச்சத்துல பிடிங்க. ஓட்டையெல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு, அந்தக் குவியல் நீங்க நினைச்ச இடத்தை விட்டு விலகி இருந்துச்சுன்னா, அப்ப திருகைத் தொடலாம். அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்க, எந்தப் பக்கம் எத்தனை கிளிக்குன்னு சேர்ந்து பாக்கலாம்.