விழாக்கால உருவ ரொட்டிகள்: 'வனைரொட்டி' என்ற சொல் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

விழாக்களுக்கு மாவில் உருவம் செய்து சுடும் ரொட்டிகளை நம் உணவியல் சொற்பட்டியலில் 'அலங்கார ரொட்டி' என்று சேர்த்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலங்காரம் என்பது முடிந்த பொருளின்மேல் ஏற்றுவது. மாலையைக் கழற்றினாலும் சிலை சிலைதான். இந்த ரொட்டிகளிலோ உருவத்தை எடுத்துவிட்டால் விழாவுக்குரியது எதுவும் மிஞ்சாது.

இத்தாலியின் சார்தீனியாத் தீவில் திருமணத்துக்கும் ஈஸ்டருக்கும் செய்யும் 'கொக்கோய் பிந்தாவ்' ரொட்டியைப் பாருங்கள். கெட்டிவகைக் கோதுமையின் நுண்ரவையை, நீரைக் குறைத்து, இறுக்கமாகப் பிசைகிறார்கள். மாவு தளர்ந்தால் அடுப்பில் உப்பும்போது கூர்முனைகள் மழுங்கிவிடும். பிறகு சிறு கத்தரிக்கோலாலும் கத்தியாலும் கீறி, நறுக்கி, நிமிர்த்தி இதழும் இலையும் பறவையுமாக எழுப்புகிறார்கள். ஈஸ்டர் என்றால் ஓடு நீக்காத முட்டை ஒன்றையும் மாவில் பதிப்பதுண்டு. கைத்திறன் முழுவதும் மாவிலேயே நிகழ்கிறது, மேற்பூச்சில் அன்று.

சிசிலியின் சலேமி நகரில் மார்ச் 19 அன்று புனித சூசையப்பருக்குப் பீடம் அமைத்து ரொட்டிகளால் நிறைக்கிறார்கள். அவர் தச்சர் என்பதால் தச்சுக் கருவிகளையும் மாவில் செய்துவைக்கிறார்கள். உக்ரைனின் திருமண ரொட்டியான 'கொரொவாய்' மீது மாவுப் பறவைகள் அமர்ந்திருக்கும். அதைச் செய்ய, நல்ல இல்வாழ்க்கை வாழும் சுமங்கலிகளையே அழைப்பது மரபு. மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் இறந்தோர் நாளுக்குச் செய்யும் ரொட்டியில் எலும்புகளே உருவம்.

ஆகவே 'வனைரொட்டி' என்று முன்மொழிகிறேன். வனைதல் என்றால் உருவாக்குதல். அழகுசெய்தல், சித்திரம் எழுதுதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. சார்தீனியர் சொல்லும் 'பிந்தாவ்' என்பதற்கும் தீட்டியது, அழகுசெய்தது என்றுதான் பொருள். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. 'புனைரொட்டி'யையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் புனைவு இன்று கற்பனைக் கதையின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிட்டது.

அச்சில் இட்டுச் சுடுபவை இதில் சேரா. அவற்றுக்கு 'அச்சு ரொட்டி' போதும்.

மறுமொழி 1:

ஐயா, வனை என்ற பகுதியை மனமார ஏற்கிறேன். ரொட்டி என்ற பகுதியில்தான் இரண்டு இடர்கள். யாழ்ப்பாணத்தில் ரொட்டி என்றால் கல்லில் சுடும் தட்டையான தேங்காய் ரொட்டி. அடுப்பினுள் உப்பி வேகுவது பாண். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற அந்தச் சொல் எங்கள் வீடுகளில் நன்றாகவே ஊன்றிவிட்டது. எங்களுக்கு இது 'வனைபாண்'. அடுத்தது, சீனாவின் ஷான்சிப் பகுதி மக்கள் திருமணத்துக்கும் புத்தாண்டுக்கும் செய்யும் 'ஹுவாமோ'. புலி, மீன், மலர் என்று மாவைக் கையால் உருவாக்கி ஆவியில் அவிக்கிறார்கள். சுடாத ஒன்றை ரொட்டி என்று எப்படிச் சொல்வது? 'வனையப்பம்' என்றால் இரண்டும் அடங்காதா?

மறுமொழி 2:

வனைபாண் அழகாக இருக்கிறது. ஈழவழக்கு என்று குறித்து, இணைச்சொல்லாகவே பட்டியலில் இடவேண்டும்.

வனையப்பத்துக்குத் தயங்குகிறேன். விவிலிய மொழிபெயர்ப்பில் அப்பம் ரொட்டியைக் குறித்தது உண்மை. ஆயினும் இன்றைய வாசகருக்கு அந்தச் சொல் காட்டுவது தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பத்தையோ நெய்யில் பொரித்த இனிப்பையோதான். கலைச்சொல்லைக் கேட்டதும் வேறொரு பண்டம் கண்முன் வரக்கூடாது.

ஹுவாமோ பற்றிய தங்கள் கேள்வி நியாயமானது. அவித்ததோ சுட்டதோ, மாவைக் கையால் உருவாக்கிய எல்லாவற்றுக்கும் 'வனைபண்டம்' என்று பொதுச்சொல் வைத்து, அதன் கீழே வனைரொட்டியையும் ஹுவாமோவையும் தனித்தனியே பதிவுசெய்யலாம். யூதர்களின் பின்னல் ரொட்டியான ஹல்லாவை வனைரொட்டியில் சேர்ப்பதா என்பதுதான் எனக்கு இன்னும் தெளியவில்லை. வாரந்தோறும் ஓய்வுநாளுக்குப் பின்னுகிறார்கள். புத்தாண்டுக்கு மட்டும் வட்டமாகச் சுருட்டுகிறார்கள். சேர்க்கலாம் என்பது என் சாய்வு. மற்றவர்கள் சொல்லுங்கள்.