தூசியும் ஒயிலும் அப்பிய ட்ரக்டர் எஞ்சினைக் கழுவுவது எப்படி?

வத்தளை மருமகன்:
மாமாவின் மசி பெர்குசன் 240 இவ்வளவு காலமும் வவுனியாவில் வயலுக்கும் சூடடிப்புக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மாபோலைப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குக் கல்லும் மண்ணும் இழுக்க இப்போது லொறியில் ஏற்றி இங்கே அனுப்பியிருக்கிறார். ஓட்டத்தில் குறையில்லை, ஆனால் பொனட்டைத் திறந்தால் எஞ்சின் எது மண் எது என்று தெரியவில்லை. டீசல் பம்ப் பக்கம் ஒயிலும் செம்மண்ணும் சேர்ந்து விரல் தடிப்புக்குப் படிந்து கிடக்கிறது, ரேடியேட்டர் முன்பக்கம் முழுக்க வைக்கோல் தும்பு. எங்கேயோ கசிகிறது, இந்த அழுக்கில் இடம் பிடிபடவில்லை. பக்கத்து சேர்விஸ் ஸ்டேஷனில் கேட்டேன், "கொண்டு வாங்க, பத்து நிமிஷத்துல அடிச்சுத் தாறம்" என்றார்கள். மாமாவோ போனில் "எஞ்சினுக்குத் தண்ணி காட்டாதே" என்று ஒரே பிடி. வீட்டிலேயே ஹோஸ் பைப்பால் கழுவலாமா? பிரஷர் வோஷரும் ஒன்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனைப் பெடியன்:
மாமா சொல்வது பழைய ஆட்களின் பயம். ட்ரக்டர் மழையில் நின்று உழுகிற சாமான், தண்ணீர் பட்டால் கரைந்துவிடாது. சேர்விஸ் ஸ்டேஷனுக்கே கொண்டு போங்கள், அந்த ஒயில் தண்ணீரை உங்கள் ஒழுங்கைக் கானுக்குள் விடுவதைவிட அது நல்லது. கானுக்குள் போவது கடைசியில் கால்வாய்க்குத்தான் போகும்.

பம்ப்வேலை அண்ணன்:
தம்பி, மழை எஞ்சின் முழுவதற்கும் ஒரேமாதிரிப் பெய்கிறது, அதுவும் பொனட்டுக்கு மேலே. ஹோஸ் பைப் ஒரே இடத்தில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டும். கேட்டவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எஞ்சின் ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ டீசல் பம்பில் தண்ணீர் படவே கூடாது.

240இல் இருப்பது பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின். அதில் பெரும்பாலும் சிஏவி டிபிஏ ரக டீசல் பம்ப்தான் வரும். அதற்குள் ஒரு ரோட்டர் சுற்றும், அதைச் சுற்றி ஹெட். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிர்த் தடிப்பில் மிகச் சிறிய பங்கு, அதில் ஓடும் டீசல்தான் அதற்கு ஒயில். சூடான பம்பில் பச்சைத்தண்ணீர் அடித்தால் வெளியே இருக்கும் ஹெட் உடனே குளிர்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் ரோட்டர் சூட்டோடு விரிந்தபடியே இருக்கும். இடைவெளி போய்விடும், ரோட்டர் இறுகிப் பிடிக்கும். அந்த நேரம் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தால் டிரைவ் ஷாஃப்ட் முறிந்துவிடும். கழுவப் போன வண்டி பம்ப் வேலைக்கு வருவது இப்படித்தான். ஹெட்டையும் ரோட்டரையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், விலையைக் கேட்டால் மாமாவுக்குப் பிறகு நீங்களும் அதே பிடிதான் பிடிப்பீர்கள். பத்து நிமிஷத்தில் அடித்துத் தருகிற இடத்தில் எஞ்சின் ஆறும்வரை யார் காத்திருப்பார்கள்? அதனால்தான் நான் வீட்டில் கழுவச் சொல்வேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் எக்ஸோஸ்ட் மேனிபோல்டும் வார்ப்பிரும்பு, சூட்டில் தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். இரவு நிறுத்தி வைத்துக் காலையில் கழுவுங்கள், கையை வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

பிரஷர் வோஷரை மறந்துவிடுங்கள். அழுக்குப் போகும், கூடவே தண்ணீர் சீல்களுக்குள்ளும் வயர் சொக்கட்டுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண ஹோஸ் பைப், மெல்லிய ஓட்டம், அவ்வளவு போதும்.

வத்தளை மருமகன்:
நன்றி அண்ணா, இது எனக்குத் தெரியாது. சரி, ஆறிய பிறகு எங்கிருந்து தொடங்குவது? மண்ணெண்ணெயா, சவர்க்காரத் தூளா?

மட்டக்குளி கராஜ்:
இரண்டுக்கும் முதல் காய்ந்த வேலை. காய்ந்த தூசியில் தண்ணீர் ஊற்றினால் அது சேறாகி இன்னும் உள்ளே போகும். ஒரு மரக் குச்சியாலும் பழைய பெயின்ட் பிரஷாலும் தடித்த படையைச் சுரண்டி எடுங்கள். ஸ்குரூ டிரைவரால் குத்தாதீர்கள், டீசல் பைப்பில் பட்டால் புதுக் கசிவு. ரேடியேட்டர் தும்பை எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிறமாதிரி காற்று அடியுங்கள். காற்றாடி இழுத்த பக்கமாகவே அடித்தால் தும்பு இன்னும் இறுகும். கம்ப்ரஷர் காற்றைக் குறைத்துத் தூரத்தில் பிடியுங்கள், அந்தச் செதில்கள் மெல்லியவை, ஒருமுறை மடிந்தால் காற்றுப் போகாது. மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

பிறகு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும். ஒல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் இரண்டையும் சொப்பிங் பையால் சுற்றி ரப்பர் பாண்ட் போடுங்கள். சைலன்சர் வாய், காற்று இழுக்கும் வாய், டிப் ஸ்டிக் குழாய், எஞ்சின் மூச்சுக் குழாய், டீசல் டாங்கி மூடி எல்லாவற்றையும் மூடுங்கள். மூடியவற்றை எண்ணி வையுங்கள், காற்று வாயில் ஒரு பையை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது பாருங்கள்.

ஒயில் படைக்கு மண்ணெண்ணெயைப் பிரஷில் தொட்டுத் தேய்க்கலாம், ஆனால் காற்றாடி பெல்ட்டிலும் ரப்பர் ஹோசிலும் படாமல். பெற்றோல் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும். கோஸ்டிக் சோடா கலந்த மருந்துகளும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

பம்ப்வேலை அண்ணன்:
மண்ணெண்ணெயில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. சவர்க்காரத்தால் கழுவி எடுக்காவிட்டால் ஒரு பசை மிஞ்சும், கட்டட வேலைத்தளத்தின் சீமெந்துத் தூசி அடுத்த நாளே அதில் ஒட்டும். ஒயில் அழுக்கைக் கரைக்கும் எஞ்சின் டிகிரீசர் வாங்கிப் பூசி, டப்பாவில் போட்ட நேரம் ஊறவிட்டு, காய முன் மெல்லக் கழுவுங்கள். வேலையை நிழலில் செய்யுங்கள், வெயிலில் மருந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

மட்டக்குளி கராஜ்:
அது சரிதான், எல்லா இடத்திலும் டிகிரீசருக்குச் செலவழிக்க மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். கழுவிய தண்ணீர் கானுக்குள் போகாமல் கீழே மரத்தூள் கொட்டிப் பரப்பி வையுங்கள், ஒயிலை அது குடிக்கும்.

இன்னொன்று, வெளியே பளபளப்பாக்கி விட்டு எயார் கிளீனரை அப்படியே விடுகிற ஆட்கள் அதிகம். வெளித்தூசி எஞ்சினைச் சூடாக்குவதோடு சரி, உள்ளே போகிற தூசி பிஸ்டனையும் லைனரையும் தேய்த்துவிடும். உங்களுடையது கிண்ணத்து ஒயிலில் தூசியைப் பிடிக்கும் ஒயில் பாத் ரகமாக இருந்தால் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள், சூடடித்து வந்த வண்டியில் அடியில் களிமண் மாதிரி படிந்திருக்கும். பழைய ஒயிலைக் கொட்டி, கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் எஞ்சின் ஒயில் ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே வேண்டாம். மிஞ்சிய ஒயிலை எஞ்சின் இழுத்துக்கொண்டால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

வத்தளை மருமகன்:
ஞாயிறு காலையில் எல்லாவற்றையும் மூடி, டிகிரீசர் போட்டுக் கழுவி, காற்று அடித்துக் காயவைத்து, பைகளை எண்ணி எடுத்து, கடைசியில் பற்றரியைப் பூட்டினேன். ஒரு கரைச்சலும் இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. கிண்ணத்தின் அடியில் நீங்கள் சொன்ன அதே களி, நல்லவேளை பார்த்தேன். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டதும் கசிவும் பிடிபட்டது: கையால் அடிக்கிற சின்னப் பம்பில் டீசல் பைப் பூட்டும் போல்ட்டைச் சுற்றி ஈரம். இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

பம்ப்வேலை அண்ணன்:
இன்னும் இறுக்காதீர்கள், மரை போய்விடும். அந்த போல்ட்டில் பைப் முனையின் இரண்டு பக்கமும் செப்பு வாஷர் இருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும், பழையதைக் கையில் கொண்டு போங்கள், 240 என்று மட்டும் சொன்னால் ஏதோ ஓர் அளவைத் தந்துவிடுவார்கள். பூட்டியதும் பில்டரிலும் பம்பிலும் உள்ளே நிற்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். கைப்பம்ப் லீவர் தளர்ந்து ஒன்றும் தள்ளாவிட்டால் பம்ப் பழுது என்று நினைக்காதீர்கள், உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேம் மேலே நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.