மானை விரட்டுவது யார்? ஒரு கோல்ஃப் கதையும் ஒரு வழக்கும்

உப்புவெளி வாசகன்:
போன ஞாயிறு வாசகர் வட்டத்தில் படிக்கப்பட்ட நகைச்சுவைக் கதையைப் பற்றிப் பேசலாமா? வராதவர்களுக்காகச் சுருக்கம். திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் கோல்ஃப் மைதானத்தில் இருவர் பரம எதிரிகள். ஒருவர் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது துரை ஒருவர் அவருடைய தந்தைக்குக் கொடுத்த ஏழு மட்டைகளை இன்னும் எண்ணெய் பூசிப் பாதுகாக்கிறார். மற்றவர் கரைவலைச் சம்மாட்டி. விதி அனுமதிக்கும் 14 மட்டைகளையும் ஒரே நாளில் வாங்கியவர். இருவருக்கும் ஆட்டம் வராது. கடைசிக் குழிக்கு அருகே இலிகிதரின் பந்தின் மேல் ஒரு புள்ளிமான் படுத்துவிடுகிறது. மானை விரட்டுவது தன் தகுதிக்கு ஏற்ற வேலை அல்ல என்று அவரும், எதிரியின் பந்துக்காகத் தான் ஏன் ஓடவேண்டும் என்று சம்மாட்டியும் நிற்க, பொழுது இருட்டிவிடுகிறது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திருக்கடலூரான்:
எனக்கு எரிந்தது. சம்மாட்டி பேசும் இடமெல்லாம் அவருடைய மீன் வாடையும் சாரமும்தான் நகைச்சுவை. இலிகிதரின் மூக்கால் எழுதப்பட்ட கதை ஐயா இது. இரண்டாவது, இந்த வர்க்கச் சண்டை நம்முடையதே அல்ல. இங்கிலாந்தில் அதற்கு வேர் உண்டு. அங்கே தொழிலாளிகள் கனவான்களின் மைதானத்தில் ஆடவேண்டுமானால் தனிக் கழகம் அமைத்து, கனவான்கள் வராத நேரத்தில் ஆடவேண்டும்; பதிலுக்குப் பெயர்ந்த புற்கரணைகளைச் செப்பனிட வேண்டும். அப்படிப்பட்ட கழகங்களுக்கென்று 1921இல் ஒரு சங்கமே உருவானது. அந்த நாட்டுக்காரன் இதை வைத்துச் சிரித்தால் அர்த்தம் இருக்கிறது. நம் ஊரில் பிள்ளைகள் ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்து ஆடுகிறார்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? போகட்டும், மான்கள் கோட்டைக்குள்ளும் நகரக் கடற்கரையிலும் திரிவதைப் பார்த்திருக்கிறேன். சீனன்குடாவுக்கு அது எந்த பஸ்ஸில் போனது?

இலிகிதர் மகள்:
தம்பி, கதையை மறுபடி படியுங்கள். சிரிப்பு முழுவதும் இலிகிதரின் தலையில்தான் விழுகிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன்.

ஹேண்டிகேப் என்னும் சலுகைக் கணக்கைப் பாருங்கள். ஆட்டம் வராதவருக்குப் பெரிய எண், வருபவருக்குச் சிறிய எண். ஒருவருக்கு 36, மற்றவருக்கு 20 என்றால், மிகக் கடினமான 16 குழிகளில், முதலாமவர் மட்டையால் அடித்த எண்ணிக்கையில் குழிக்கு ஒன்று வீதம் கழிப்பார்கள். 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவான முறையில் உச்ச எண் 54. கதையில் சம்மாட்டி என்ன செய்கிறார்? "எனக்கு ஒன்றுமே தெரியாது, பெரிய எண்ணாகப் போடுங்கள்" என்கிறார். வியாபாரி அல்லவா, தள்ளுபடி எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். இலிகிதரோ சிறிய எண்ணைப் பதவி உயர்வுபோல் நினைத்து, மோசமாக ஆடிய நாட்களின் ஆட்டக்கணக்கு அட்டைகளைக் கொடுக்காமல் மறைக்கிறார். அதனாலேயே ஒவ்வொரு வாரமும் தோற்கிறார். அந்தஸ்துக்காகத் தோற்பதற்கும் தயார்! அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். வர்க்கச் சண்டையைப் பிரசங்கம் இல்லாமல் கூட்டல் கழித்தலிலேயே காட்டிவிட்ட கதை இது. மீன் வாடை வரிகளை வெட்டலாம், ஒப்புக்கொள்கிறேன். அவை மலிவானவை.

உப்புவெளி வாசகன்:
விதி 16.2ஐ விட்டுவிட்டீர்களே அக்கா! ஆபத்தான விலங்கு பந்துக்கு அருகே இருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை வேறிடத்தில் வைக்கலாம். நச்சுப் பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி என்று விதியில் உதாரணங்கள் உண்டு. சுற்றுலாப் பயணிகளின் கையில் வாழைப்பழத்தோல் வாங்கித் தின்னும் மானை அந்தப் பட்டியலில் சேர்க்க இலிகிதர் வாதாடும் பக்கம்தான் கதையின் உச்சம்.

மனையாவெளி:
இவ்வளவு பேசினீர்களே, பை தூக்கும் பையன் எங்கே? கதையில் அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "ஐயா, மழை வரப்போகிறது." பந்து எங்கே விழுந்தது, யார் எத்தனை அடி அடித்தார், யார் குறைத்துச் சொன்னார் என்பதெல்லாம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் கூட வருவதில்லை. தன் தவறைத் தானே சொல்லவேண்டும். அப்படியிருக்க, பார்த்துக்கொண்டு பேசாமல் நடக்கும் ஒரு சாட்சியை வைத்து எழுதாதது பெரிய வீண்.

1913இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்ற பிரான்சிஸ் விமெட் அமெச்சூர் ஆட்டக்காரர். வயது 20. போட்டி நடந்த மைதானத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளை, அங்கேயே பை தூக்கியவர். ஹாரி வார்டன், டெட் ரே என்ற இரண்டு பிரித்தானிய ஜாம்பவான்களை மேலதிக ஆட்டத்தில் தோற்கடித்தார். அன்று அவருக்குப் பை தூக்கிய சிறுவனுக்கு வயது 10. நம் கதையிலும் பையனிடம் மட்டையைக் கொடுத்தால் என்ன?

திருக்கடலூரான்:
கொடுத்தால் அது கண்ணீர்க் கதையாகிவிடும். ஏழைப் பையன் ஓங்கி அடிப்பான், பந்து குழிக்குள் போகும், இரண்டு பணக்காரரும் தலைகுனிவார்கள். அந்த ஆசைக்கதையை இன்னொருவர் எழுதட்டும். அவன் ஆடவே வேண்டாம் தம்பி.

மனையாவெளி:
பிறகு என்னதான் செய்வான்? மழை வருகிறது என்று இன்னொரு தடவை சொல்வானா?

திருக்கடலூரான்:
கரைவலை இழுக்கிறவனைக் கேளுங்கள். வலை இழுக்க ஒரு பங்கு, சிக்கெடுக்க வேறு கணக்கு. பேசிய கூலி பை தூக்குவதற்கு. மான் அதில் சேராது. இரண்டு பைகளையும் கீழே வைத்துவிட்டு, மானை விரட்ட எவ்வளவு தருவீர்கள் என்று அவன் கேட்கட்டும். பந்து இலிகிதருடையது, ஆனால் சம்மாட்டிதான் பழக்கதோஷத்தில் பேரம் பேசத் தொடங்கவேண்டும். விலை படிந்ததும் பணம் யார் கொடுப்பது என்று சண்டை வரவேண்டும். அப்படி எழுதினால் மான் சீனன்குடாவுக்கு வந்ததைக்கூட மன்னித்துவிடுகிறேன்.

இலிகிதர் மகள்:
பணம் கொடுக்குமுன் அப்பா ரசீது கேட்டிருப்பார். மூன்று பிரதிகளில்.