67 வயது, ஜனவரியில் லைசென்ஸ் முடிகிறது. ஓடிபி மறைந்த கணவரின் எண்ணுக்குப் போகிறது

சான்ட்ரோ டீச்சர்

வணக்கம். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சென்னையில் தனியாக இருக்கிறேன். 1987-ல் லைசென்ஸ் எடுத்தேன், ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் சேர்த்து. வரும் ஜனவரியோடு அது முடிகிறது. போன தடவை 2021-ல் புதுப்பித்தபோது எல்லாவற்றையும் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டதோடு சரி. அவர் இப்போது இல்லை.

லைசென்ஸ் வேலைகளுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லைசென்ஸ் எண், பிறந்த தேதி கொடுத்தால் என் விவரம் வருகிறது. அடுத்தது ஓடிபி என்கிறது, அது அவருடைய பழைய எண்ணுக்குப் போகிறது. அந்த சிம்மை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆதார் வழியாகப் போகலாம் என்றால் லைசென்ஸில் என் பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அந்த மெஷினுக்கு எப்படிச் சொல்வது?

ஆர்டிஓ அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். "எல்லாம் ஆன்லைன்தாம்மா, பசங்க யாரையாவது போடச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையன் சியாட்டிலில் இருக்கிறான். அவன் கேட்பது, இந்த வயதில் எதற்கு வண்டி, ஓலாவில் போயேன் என்று. காய்கறிக்கும், என் அக்காவை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகவும், மார்கழியில் மயிலாப்பூர் பக்கம் கச்சேரிக்குப் போகவும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு டிரைவர் கேன்சல் செய்வாரா மாட்டாரா என்று வாசலில் நிற்க எனக்கு விருப்பமில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறேன். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

முன்னாள் ஜூனியர் இன்ஜினியர்

மேடம், எனக்கு 72. இந்த வருஷம்தான் புதுப்பித்தேன், அதனால் ஞாபகத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன்.

முதல் விஷயம், ஜனவரி வரை காத்திருக்காதீர்கள். முடியும் தேதிக்கு ஒரு வருஷம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம், 2019 சட்டத் திருத்தத்தில் அப்படி மாற்றிவிட்டார்கள். அதே திருத்தத்தில் இன்னொன்றை எடுத்தும்விட்டார்கள், நம் வயதுக்காரர்கள் பலருக்கு அது தெரியாது: முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும், இப்போது அந்தச் சலுகை கிடையாது. முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, அபராதம் 5000 ரூபாய். அந்த நேரம் பார்த்து யார் மேலாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முடிந்து ஒரு வருஷம்வரை டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், அதையும் தாண்டிவிட்டால் மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும். 55 தாண்டியவர்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கத்தான் செய்யும். ஆனால் இத்தனை வயதுக்கு மேல் லைசென்ஸே கிடையாது என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை, அதைப் பையனிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஓடிபி. புதுப்பித்தலை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சாரதியில் மொபைல் எண்ணை மாற்றுவதற்குத் தனிச் சேவை இருக்கிறது, முதலில் அதில் உங்கள் எண்ணை ஏற்றுங்கள். அது ஓடவில்லை என்றால், ஒரு வெள்ளைத்தாளில் லைசென்ஸ் எண், பழைய மொபைல் எண், புது எண், கணவர் மறைந்ததால் பழைய எண் செயல்பாட்டில் இல்லை என்று நாலு வரி எழுதி, லைசென்ஸ் நகலும் ஆதார் நகலும் வைத்து அலுவலகத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் "ஆன்லைன்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் அப்படி முடியாது, வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் கேளுங்கள். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், காகிதத்துக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது, பெயர். ஆதார் வழிதான் ஒரே வழி என்பதில்லை. விண்ணப்பத்தின் தொடக்கத்திலேயே ஆதாருடன், ஆதார் இல்லாமல் என்று இரண்டு வழி கேட்கும். பெயர் ஒத்துப்போகாதவர்கள் இரண்டாவதை எடுக்கலாம், என்ன, நேரில் போக வேண்டியிருக்கும். ஒரிஜினல்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டணத்துக்காக யாரிடமும் ஏமாறாதீர்கள். மத்திய விதிப்படி புதுப்பிக்க 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, அதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம்.

வேகமா முடிச்சிடலாம்

இவ்வளவு எதுக்கு? ஆர்டிஓ ஆபீஸ் எதிரிலேயே டிரைவிங் ஸ்கூல் இருக்கும், அங்க ஒரு 2500 கொடுத்தா டாக்டர் சர்டிபிகேட்டும் சேர்த்து அவங்களே வாங்கி முடிச்சுக் கொடுத்துடுவாங்க. பெரியவங்க எதுக்கு அலையணும்.

பெருங்களத்தூர் பையன்

அந்த 2500-ல்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. என் மாமாவுக்கு இப்படி ஒருவர் முடித்துக் கொடுத்தார், விண்ணப்பத்தில் தன்னுடைய மொபைல் எண்ணைப் போட்டுவிட்டார். அடுத்த தடவை மாமா புதுப்பிக்கப் போனால் ஓடிபி அந்தப் புரோக்கருக்குப் போகிறது, ஓடிபி வேண்டும் என்றால் மறுபடி காசு கேட்கிறார். டீச்சர் அம்மாவுக்கு இப்போது இருக்கும் அதே சிக்கலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். பார்க்காத டாக்டரின் சர்டிபிகேட் வேறு. நாளைக்கு ஒரு விபத்து, கோர்ட், வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது ஓட்டினவர்தான், டிரைவிங் ஸ்கூல்காரர் இல்லை.

அம்மா, இரண்டு விஷயம் சொல்கிறேன். உங்கள் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதுவும் அங்கிளுடைய எண்ணாக இருக்கலாம். பேங்க், பென்ஷன் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும். ஆதாரில் எண் மாற்ற அலைய வேண்டாம். 2021-லிருந்து இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலமாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து இதைச் செய்து கொடுக்கிறார். உங்கள் தபால் நிலையத்தில் சொல்லிவைத்தால் போதும். விரல் ரேகை வைக்கச் சொல்வார். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், என் பாட்டிக்குக் கட்டைவிரல் எடுக்கவே இல்லை, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் மோதிர விரலில் எடுத்தது. ஒரு விரல் எடுக்கவில்லை என்றால் பதற வேண்டாம், பத்தையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாதீர்கள். பார்க்க அச்சு அசல் அரசுத் தளம் மாதிரியே இருக்கும், காசையும் வாங்கிக்கொள்ளும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும், சாரதி இருக்கும் பரிவாஹன் தளம் அப்படித்தான் முடியும். வாட்ஸாப்பில் ஆர்டிஓ செலான் என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தால் திறக்கவே கூடாது. திறந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

கண்ணாடி போட்டவள்

கண் மருத்துவமனையில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எல்லோரும் படிவத்தையும் ஓடிபியையும் பற்றியே பேசுகிறீர்கள், படிவம் 1ஏ-யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 40 வயதுக்கு மேல் புதுப்பிக்கும்போது டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட் அது. அதில் என்ன கேட்கிறார்கள் என்று தயவுசெய்து ஒருமுறை படித்துப் பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பு பச்சை தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா. கண்ணாடி போட்டுப் படித்தால் போதும், அதில் குறைவொன்றும் இல்லை.

இதை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். தெருவில் நிற்கும் ஒரு காரிலிருந்து பெரிய எட்டாக 35 எட்டு நடந்து வந்து திரும்பி நின்று நம்பரைப் படியுங்கள். இரண்டு கண்ணாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடியும். புரை விழுந்திருப்பவர்கள் நிறையப் பேருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் மெதுவாக வருவது. ராத்திரி எதிர் வண்டியின் லைட் பூப்பூவாகச் சிதறித் தெரிகிறது, டிவியில் கீழே ஓடும் எழுத்து மங்குகிறது என்றால் வந்து காட்டிவிடுங்கள். ஆபரேஷன் ஆகிப் புதுக் கண்ணாடி போட்ட பிறகு வந்து "இத்தனை நாள் எப்படி ஓட்டினேன்" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சட்டமே கண்ணைப் பார்க்கச் சொல்கிறது, அதைப் போய் முத்திரைக்காக வீணாக்கலாமா?

ஓஎம்ஆர் தினப்பயணி

நானும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 70 வயதுக்கு மேல் புதுப்பிக்கும் எல்லோருக்கும் ரோட்டில் டெஸ்ட் வைக்க வேண்டும். காகிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டால் பிரேக் அடிக்கும் வேகம் தெரிந்துவிடுமா? என் அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிவைக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவருடைய லைசென்ஸ் அப்போது செல்லுபடியாகத்தான் இருந்தது.

முன்னாள் ஜூனியர் இன்ஜினியர்

கோபம் இல்லை சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. டெஸ்ட் வையுங்கள், நான் வருகிறேன். ஆனால் அதே டெஸ்ட்டை வேளச்சேரி மேம்பாலத்தில் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் 30 வயதுக்காரருக்கும் வையுங்கள். எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இப்போது இருக்கும் முறை சோதிப்பது ஓட்டத் தெரிகிறதா என்பதை இல்லை. போட்டோவை 20 கேபி-க்குள் சுருக்கத் தெரிகிறதா, கேப்சாவில் அது ஓவா பூஜ்யமா என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா, தேடி எடுப்பதற்குள் செஷன் முடிந்து வெளியே தள்ளினால் மறுபடி முதலிலிருந்து வரும் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான். நல்ல ஓட்டுநர் அங்கே தோற்கிறார், கண் தெரியாதவருக்குப் புரோக்கர் முடித்துக் கொடுத்துவிடுகிறார். அலுவலகத்திலேயே ஒரு மேசை போட்டு, ஒரு ஆளை உட்காரவைத்து, 60 தாண்டியவர்களுக்கு அவரே ஏற்றிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதைக் கேட்டு நான் மனு கொடுத்திருக்கிறேன், மறுபடியும் கொடுப்பேன்.

பெருங்களத்தூர் பையன்

இது டீச்சர் அம்மாவுக்கு இல்லை, இதைப் படிக்கும் 50 வயதுக்காரர்களுக்கு. 2006 வாக்கில் 30 வயதில் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 20 வருஷம் கொடுத்திருப்பார்கள், அது இப்போதுதான் முடிகிறது. நடுவில் ஒருமுறைகூட எந்த வேலைக்கும் போகாததால் சாரதியில் உங்கள் பதிவே இல்லாமல் இருக்கலாம். கார்டில் எண் சாய்கோடுகளோடு பழைய மாதிரி இருந்தால் அதை அப்படியே அடித்தால் எடுக்காது. டிஎன், அலுவலகத்தின் இரண்டு இலக்கம், எடுத்த வருஷம் நான்கு இலக்கம், பிறகு எண்ணை முன்னால் பூஜ்யம் சேர்த்து ஏழு இலக்கமாக்கிப் போட வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைச் சாரதியில் ஏற்றுவது, செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஏற்றும்போது கூடவே நின்று, கார், டூவீலர் இரண்டும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என் சித்திக்கு கார் மட்டும் ஏறி, டூவீலர் விட்டுப்போய், அதைச் சேர்க்கத் தனியாக அலைந்தோம்.

சான்ட்ரோ டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இன்ஜினியர் சார் சொன்னபடி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், முத்திரையும் வாங்கினேன், இப்போது ஓடிபி எனக்கே வருகிறது. தபால்காரரிடமும் சொல்லியாயிற்று, ஆதாரில் இருப்பதும் அவருடைய எண்தான். வாசலில் நம்பர் பிளேட் படித்துப் பார்த்தேன் தங்கச்சி, வலது கண்ணை மூடினால் கடைசி இரண்டு எண் சரியாகப் பிடிபடவில்லை. கண் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அவர் பார்த்துச் சொல்லும்வரை ராத்திரியில் வண்டி எடுப்பதாக இல்லை. ஓஎம்ஆர் தம்பி, உங்கள் அப்பாவிடம் எப்படிப் பேசினீர்கள் என்று முடிந்தால் எழுதுங்கள், என் பையனுக்கும் எனக்கும் ஒரு நாள் அந்தப் பேச்சு வரத்தான் போகிறது.

ஒரு சந்தேகம் பாக்கி. கார்டைத் தபாலில்தான் அனுப்புவார்களாமே. பகலில் பாதி நாள் அக்கா வீட்டில் இருப்பேன், வீடு பூட்டியிருந்தால்?

முன்னாள் ஜூனியர் இன்ஜினியர்

ஆமாம் மேடம், 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து நம் மாநிலத்தில் ஸ்பீட் போஸ்ட் மட்டும்தான், கையில் கொடுப்பதில்லை. ஆள் இல்லை என்று திரும்பினால் மறுபடி ஆர்டிஓ அலுவலகத்துக்கே போய்விடும். ஆதாருக்காக வீட்டுக்கு வரும்போதே தபால்காரரிடம் உங்கள் மொபைல் எண்ணையும், பக்கத்து வீட்டில் யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். கார்டு வரும்வரை லைசென்ஸை அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இறக்கி வைத்துக்கொண்டால் போதும், போலீஸ் கேட்டால் அதைக் காட்டலாம், செல்லும். பணம் கட்டுவதற்கு முன்னால் திரையில் ஸ்கூட்டர், கார் இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஒரே விண்ணப்பத்தில் இரண்டும் முடிந்துவிடும்.